திண்டிவனத்தில் கை நனையாத இரண்டு நாள்

"யாரா இருந்தாலும் சரி, இந்த மூட்டையக் கொஞ்சம் புடிங்க!"

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். அப்போது அவள் என் மனைவி ஆகியிருக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

இடம், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியின் வாசல். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. ஐப்பசி மாதத்துப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. தெருத் தண்ணீர் படியேறி மண்டிக்குள் நுழைந்துவிட்டது. கூலியாட்கள் அவரவர் குடிசையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடிவிட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பெண் சாக்கு மூட்டையின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி, மற்ற இரண்டு மூலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் இஸ்திரி போட்ட கோட்டும் புதுச் செருப்புமாக நின்றேன். வேறு என்ன செய்ய? பிடித்தேன். இரண்டு பேருமாக ஒரு மூட்டையைப் பலகை மேல் ஏற்றினோம். பிறகு இன்னொன்று. ஈரச் சாக்கின் வாசனை மூக்கில் ஏறியது. மூன்றாவது மூட்டையைப் பாதி தூக்கியிருந்தபோது, வாசலில் நின்ற குதிரை வண்டிக்குள்ளிருந்து என் அப்பாவின் குரல் வந்தது.

"டேய்! பொண்ணு பாக்க வந்துட்டு மூட்டை தூக்கிக்கினு நிக்கிறே?"

அவள் திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கையை விட்டாள். மூட்டை என் கால் மேல் விழுந்து ஒரு மூலை கிழிந்தது. அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

அந்தக் கிழிந்த மூலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கல்யாணம் அதில்தான் இருந்தது.

டிரங்குப் பெட்டியோடு ஒரு பயணம்

சென்ற வாரம் அப்பாவின் சைகோன் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'உங்கள் அப்பா வெளிநாடு பார்த்தவர். நீங்கள் ஏதாவது பார்த்ததுண்டா?' என்று கேட்கிறார். கேள்வியில் லேசாக ஒரு குத்தல் இருக்கிறது. இருக்கட்டும்.

பார்த்திருக்கிறேன் ஐயா. உங்கள் விழுப்புரத்தையும் அடுத்த திண்டிவனத்தையும்தான் பார்த்தேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. எங்களுக்குக் கொடி வேறு, போலீஸ்காரன் தொப்பி வேறு. விழுப்புரம் வெள்ளைக்காரனுடைய ஊர்தான் என்றாலும் அவன் வேறு வெள்ளைக்காரன். ரயிலில் கொஞ்ச நேரம் போனால் சுங்கச் சோதனை வந்துவிடும். பக்கத்து ஊருக்குச் சம்பந்தம் பேசப் போனாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான்.

இதை மற்றவர்கள் மறந்துவிட்டு வெற்றிலைப் பையோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய என் அப்பாவால் அப்படி மறக்க முடியவில்லை. திண்டிவனத்தில் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று, கப்பல் ஏறுகிறவர் போல் டிரங்குப் பெட்டி கட்டினார். குடை, கம்பளி மப்ளர், சைகோனில் வாங்கிய டார்ச் லைட். உலகச் சண்டை முடிந்து சாமான்கள் அதிகம் வராத காலம் அது. அதற்குப் பாட்டரிக் கட்டை தேடி ஊரெல்லாம் அலைந்தார்.

அம்மா புளிச்சோறு கிளறி வாழை இலையில் கட்டியிருந்தாள். அப்பா அதை வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

"வெளிநாடு போறவன் சோத்து மூட்டையா தூக்கிக்கினு போவான்? பிஸ்கோத்து டப்பா இருக்குது, போதும்."

"பிஸ்கோத்து தின்னா பசி அடங்குமாங்க?" என்றாள் அம்மா.

"காலையில போறோம், பொழுது சாய திரும்பிடறோம். பசிக்கறதுக்கு நேரம் ஏது?"

பிஸ்கோத்து டப்பாவின் ஆயுள் எல்லை வரைக்கும்தான். சுங்கக்காரர் பெட்டியைத் திறந்தார். பிரெஞ்சு எழுத்துப் போட்ட பளபளப்பான டப்பாவைப் பார்த்ததும் தீர்வை கட்டச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து மனம் இளகி, "பெரியவரே, வேணும்னா ஆளுக்கு நாலு எடுத்து இங்கியே வாயில போட்டுக்குங்க. வாயில போறதுக்குத் தீர்வை கெடையாது" என்றார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீயே வெச்சுக்கய்யா" என்று டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ரயில் நகர்ந்தபோது அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரத்து இட்லி

விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். மேடையில் நின்றபோதே வானம் கறுத்து, காலை பத்து மணி சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. காற்றில் மழை சாய்வாக வந்தது. அப்பா டார்ச்சை எடுத்தார். தண்டவாளத்தின் மேல் அடித்துக் காட்டினார். தூரத்து சிக்னல் கம்பத்தின் மேல் அடித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு ரெட்டியார் வியந்து பார்த்தது போதாதா? அவர் முகத்தின் மேலேயே அடித்துக் காட்டினார். திண்டிவனம் வண்டி வரும் வரை இந்தக் காட்சி நடந்தது.

சிற்றுண்டிக் கடையிலிருந்து இட்லி வேகும் வாசனை வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வேணாம். ரொப்பிக்கினு போனா பொண்ணு வீட்ல தூக்கம் வரும்" என்றார் அப்பா.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில், சம்பந்தம் முடிவாகும் வரை கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இந்த வழக்கம் எல்லோருக்கும் உண்டு. அப்பாவுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. எனக்காக அதற்கு முன் ஆறு பெண்களைப் பார்த்தாயிற்று. ஆறு வீட்டிலும் கை நனைக்காமல், மிடுக்காக எழுந்து, "லெட்டர் போடறோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருத்திக்கு நடை வேகம். ஒருத்தி வீட்டுக் கிணறு தென்மேற்கில். ஒருத்தியின் மாமா அதிகம் சிரித்தார். லெட்டர் ஒன்றுகூடப் போனதில்லை.

எனக்கு இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வாயைத் திறந்து அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. கண்ணில் மையிட்டுக்கொண்டு தட்டோடு வந்து நின்ற அந்த ஆறு பெண்களையும் நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. லெட்டருக்காக அவர்கள் வீட்டில் எத்தனை நாள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றார்களோ.

"இப்ப வந்துடும்"

மண்டிக்காரர், அதாவது பெண்ணின் அப்பா, குடையையும் மீறி நனைந்து ஓடிவந்து எங்களை உள்ளே அழைத்தார். முன்கூடம்தான் மண்டி. தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கமாக மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி எங்களுக்குப் பாய் விரித்தார். காற்றுக்கு அஞ்சிக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே கும்மிருட்டு.

"ஒண்ணும் பயம் இல்லீங்க. கரண்டு இழுத்திருக்கோம். இந்தத் தெருவுல மொத மொத நம்ம வீட்டுக்குத்தான்" என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டார்.

கூரையில் தொங்கிய பல்பு எரிந்தது. மண்டிக்காரர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை அப்பாவிடம் வந்து சேர்ந்த அதே நேரத்தில் பல்பு அணைந்துவிட்டது.

"இப்ப வந்துடும்" என்றார்.

இரண்டு நாளும் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் ஸ்விட்சை மேலும் கீழுமாகத் தட்டுவார். கடைசியில் எது போட்ட நிலை, எது அணைத்த நிலை என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்கள். வீட்டில் இருந்த ஒரே சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பெண்ணை அழைத்து வந்தார்கள். கதவிடுக்கில் வந்த காற்று அதையும் அணைத்தது. இருட்டில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ நமஸ்காரம் செய்தார்கள்.

"கவலைப்படாதீங்க" என்று அப்பா கம்பீரமாக டார்ச்சை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். டார்ச்சின் முனையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்து மறைந்தது. பாட்டரிக் கட்டை முழுவதும் விழுப்புரம் ரெட்டியார் முகத்தில் தீர்ந்துபோயிருந்தது. அம்மா பக்கத்தில் இருமினாள். அவள் சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இருமுவாள்.

ஆக, பெண் கனகவல்லியின் முகத்தை எங்கள் வீட்டார் யாரும் பார்க்கவில்லை. நான்தான் வாசலில் பார்த்துவிட்டேன்.

அப்பாவின் விரதம்

வண்டி இல்லை. மயிலத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை உடைந்துவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து செய்தி வந்தது. ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. சத்திரத்துக்குப் போகலாம் என்றால் அதன் ஓடுகள் பாதி தெருவில் கிடந்தன. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டோம்.

"கெடக்கட்டும், சைகோன்ல பாக்காத புயலா?" என்றார் அப்பா. சைகோனில் அவருக்கு மூன்று வேளையும் சோறு போட மெஸ் இருந்ததை அவர் சொல்லவில்லை.

மண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். "சோறு ஆகிப்போச்சுங்க. எழுந்திருங்க."

"இன்னைக்கு எனக்கு விரதம்" என்றார் அப்பா.

"அம்மாவுக்கும் தம்பிக்கும்…"

"அவங்களுக்கும்தான்."

இருட்டில் அம்மாவின் பெருமூச்சு கேட்டது. மண்டிக்காரர் போகாமல் நின்றார். "வந்தவங்க கை நனைக்காம நாங்க எப்படிங்க சாப்பிடறது?" என்றார். அந்த வீட்டிலும் அன்று ஆண்கள் யாரும் சாப்பிடவில்லை. அம்மா பெண்களோடு படுத்துக்கொள்ள உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் மழை இன்னும் வலுத்தது. "விரதம் நேத்தோட முடிஞ்சிருக்குமே" என்று மண்டிக்காரர் நயமாகக் கேட்டார். வயிறு சரியில்லை என்றார் அப்பா. அவர் வயிறு அப்போது போட்ட இரைச்சலைக் கேட்டால் அது உண்மைதான் என்று யாரும் நம்புவார்கள்.

மண்டிக்காரர் அந்தப் பக்கம் போனதும் அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "மழை விட்டதும் ஜல்தியா கெளம்பிடலாம். லெட்டர் போட்டுக்கலாம்."

ஏழாவது லெட்டரும் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று முடியவில்லை.

"அப்பா, எனக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு."

"நாமதான் பாக்கவே இல்லியே."

"நான் பாத்தேன்."

"மூட்டை தூக்கிக்கினு நின்னுதே, அதையா?"

"ஆமா. அதைத்தான்."

அப்பா மப்ளரைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். மூட்டை தூக்கற பொண்ணு, கரண்டு இல்லாத ஊரு, ஒரே பேஜாரு என்று முணுமுணுத்தார். பிறகு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று சொல்லி, பின்னால் இருந்த மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போனால் அவர் பேச மாட்டார். அந்தக் கூடத்திலேயே முடிந்தால்தான் உண்டு.

அவர் சாய்ந்திருந்தது என் கால் மேல் விழுந்து கிழிந்த மூட்டை.

எலி

இரண்டாம் நாள் சாயங்காலம் காற்று அடங்கத் தொடங்கியது. மண்டிக்காரர் தெருக்கதவைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தண்ணீர் வடிகிறதா என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் இருந்தேன். அப்பா தன் மூட்டையோடு மூலையில் இருந்தார்.

மழை ஓசைக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. 'டிக்.' கொஞ்சம் நின்று மறுபடி 'டிக்.' பிறகு மெல்லக் கொறிக்கிற சத்தம்.

"எலிங்க. மண்டின்னா எலி இல்லாம இருக்காது" என்றார் மண்டிக்காரர், திரும்பாமலே.

"ம்" என்றார் அப்பா. அந்த 'ம்' வாய் நிறைந்த 'ம்'. எனக்குச் சந்தேகம் வந்தது. என் அப்பாவைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று என்னையே கடிந்துகொண்டேன்.

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கனகவல்லி உள்ளேயிருந்து வந்தாள். உள்கதவோரம், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

சரியாக அப்போதுதான் கரண்டு வந்தது.

இரண்டு நாள் இருட்டுக்குப் பிறகு அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. கூடம் முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. மூலையில் அப்பா தெரிந்தார். ஒரு கை கிழிந்த மூட்டைக்குள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. மடியில் விரித்த அங்கவஸ்திரத்தில் மல்லாட்டைத் தோல் குவிந்து கிடந்தது. மீசையில்கூட ஒரு சிவப்புத் தொலி ஒட்டியிருந்தது. ஆறு வீட்டில் கை நனைக்காத என் அப்பா, வாயை அசைக்கவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

மண்டிக்காரர் "வந்துடுச்சு!" என்று கூவிக்கொண்டு திரும்பத் தொடங்கினார்.

கனகவல்லி ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

"யாரும்மா அது? இப்பத்தானே வந்துச்சு!" மண்டிக்காரர் அழாத குறையாகக் கத்தினார்.

"புது பல்புப்பா. கரண்டு ஏறி எறங்கி வருது, போயிடப் போவுது. செத்த இருக்கட்டும்" என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இருட்டில் வளையல் சத்தம் என்னைத் தாண்டி மூலைப் பக்கம் போனது. துணியை உதறுவது போல் ஏதோ கேட்டது. "தண்ணி குடிங்க மாமா" என்று மிக மெதுவாக ஒரு குரல். மடக் மடக்கென்று அப்பா தண்ணீர் குடித்த சத்தம். வளையல் சத்தம் திரும்பி வந்தது.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. "இலை போடச் சொல்லுங்க."

மண்டிக்காரர் துள்ளி எழுந்தார். "வெளிச்சத்துல பொண்ண ஒரு தடவை பாத்துட்டு…" என்று இழுத்தார்.

"பாத்தாச்சு" என்றார் அப்பா. "நல்லாவே பாத்தாச்சு. இப்ப ஸ்விட்சைப் போடும்மா."

வெளிச்சம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை சுத்தமாக இருந்தது. மடியிலும் தரையிலும் தேடிப் பார்த்தேன், ஒரு தோல் இல்லை. கனகவல்லி முந்தானையை இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

இலை போட்டார்கள். சுடுசோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அம்மா மட்டும் பசியே இல்லாதவள் போல் நிதானமாகச் சாப்பிட்டாள். அப்பா அதைக் கவனித்துவிட்டுக் காரணம் கேட்டார்.

"நான் நேத்தே கை நனைச்சாச்சு" என்றாள் அம்மா. "அடுக்களையில கேப்பைக் கூழு ஊத்திக் குடுத்தாங்க. பொண்ணு எனக்கு நேத்தே புடிச்சிருச்சு. உங்க விரதம் முடியட்டும்னு இருந்தேன்."

பிறகு

அப்பா கடைசி வரை அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடை வேகத்துக்கோ கிணற்றுத் திசைக்கோ அவர் மருமகளை ஒரு குறை சொன்னதில்லை. புதுச்சேரியில் எப்போதாவது கரண்டு போனால், இருட்டிலிருந்து அவர் குரல் வரும்: "கனகா, மல்லாட்டை ஏதாவது கெடக்குதா பாரு." அவள் முறத்தோடு போய் வைத்துவிட்டு வருவாள். அவர் இறந்த பிறகு எத்தனையோ தடவை கரண்டு போய்விட்டது. அந்தக் குரலுக்காக இரண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருப்போம்.

இந்த அத்தியாயத்தை எழுதியதும் வழக்கம் போல் அவளிடம் படித்துக் காட்டினேன். மல்லாட்டைத் தோல் வரும் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? மாமா பேர ஊரு பூரா நாறடிக்கவா எழுதறீங்க? அடிச்சிடுங்க."

"நடந்ததுதானே கனகா? நீயே பாத்தியே."

"நான் ஒண்ணும் பாக்கல. பல்பு போயிடும்னு அணைச்சேன்."

"அப்ப தோலெல்லாம் எங்க போச்சு?"

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அன்று அவள் முந்தானையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு போனதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

"அதான் எங்கப்பாவே சொன்னாரே, எலின்னு. அப்படியே எழுதிடுங்க."

மேலே எழுதியதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரியையாவது அவள் சொன்னபடி எழுதிவிடுகிறேன். அன்று திண்டிவனத்து மண்டியில் மல்லாட்டை தின்றது எலிதான்.